பிளாஸ்திரி ஒட்டிய இமைகள்

காலை ஆறு மணிக்கு அவள் கையில் நகம் வெட்டும் சின்னக் கத்தரி இருக்கும். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரிச் சுருளிலிருந்து மெல்லியதாக நான்கு துண்டுகளை வெட்டிக் கண்ணாடியின் ஓரத்தில் தொங்கவிடுவாள். பிறகு மேலிமையை விரலால் தூக்கிப் பிடித்து, அங்கிருந்து புருவம் வரை இழுத்து ஒட்டுவாள். ஒரு கண்ணுக்கு இரண்டு.

"ஷட்டரைத் தூக்கியாச்சு அண்ணி, கடை திறந்தாச்சு" என்பாள்.

இவள் என் தம்பி மனைவி. ஐம்பத்திரண்டு வயது. மாத்திரை ஆலையில் பதினெட்டு வருடமாக ஒரே வேலை: பெல்ட்டில் ஓடிவரும் மாத்திரை அட்டைகளில் எந்தக் குழி காலி என்று பார்த்து, அந்த அட்டையை எடுத்துப் போடுவது. ஐந்து வருடமாக இமைகள் இறங்கிக்கொண்டே வந்து கருவிழியில் பாதியை மூடிவிட்டன. தூக்கும் தசை தளர்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை. பிளாஸ்திரி மதியத்துக்குள் வியர்வையில் கழன்றுவிடும். கழலாத நாளில் கண் மூட முடியாமல் காய்ந்து எரியும்.

மேற்பார்வையாளர் இவளுக்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி.

"என்ன தூங்குமூஞ்சி, கனவு முடிஞ்சதா?"

"நீங்க அதுல வந்தீங்க சார், பயந்து முழிச்சிட்டேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். வேலை நேரத்தில் தூங்கியதாக எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மாத முடிவுக்குள் கண்ணைச் சரிசெய்யாவிட்டால் வேலை போய்விடும்.

தசையைச் சுருக்கித் தைத்தால் போதும் என்றார் கண் மருத்துவர். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு மணி நேர வேலை. ஆனால் காப்பீட்டு அலுவலகம் அனுமதிக்க வேண்டும். இமை பார்வையை மறைக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தால் அது சிகிச்சை. தெரியாவிட்டால் அழகுக்குச் செய்துகொள்வது என்று தள்ளிவிடுவார்கள்.

தள்ளிவிட்டார்கள். 'பார்வைப் பரப்பு இயல்பாக உள்ளது. அழகு சிகிச்சை' என்று கடிதம் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பரிசோதனையில என்னடி பண்ணினே?"

"நல்லாத்தான் பண்ணினேன் அண்ணி. கிண்ணம் மாதிரி ஒண்ணுக்குள்ள முகத்தை வைக்கச் சொன்னாங்க. வெளிச்சம் தெரிஞ்சா பொத்தானை அமுக்கணும். ஒண்ணைக்கூட விடல. மெஷின்கிட்ட இருந்த பொண்ணு பாராட்டிச்சு."

"பிளாஸ்திரி?"

"புதுசா ஒட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரிக்கு அரைக்கண்ணோட போனா நல்லாவா இருக்கும்?"

கத்தினேன். அவளிடம் கத்தியது பாதிதான் நியாயம். முப்பது வருடம் வார்டில் நோயாளிகளைக் குளிப்பாட்டியும் ஊட்டியும் விட்டவள் நான். டாக்டர் முன்னால் நன்றாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளாத நோயாளி அபூர்வம். அதைக் கவனிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். இமைகளில் நாலு துண்டு ஒட்டிக்கொண்டு ஒருத்தி வந்து உட்கார்கிறாள், ஏன் என்று கேட்க அந்தப் பெண்ணுக்கு வாயில்லையா?

அவளை இழுத்துக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அம்பது வயசுக்கு மேல அழகு எதுக்கும்மா?"

"தம்பி, நிமிர்ந்து பாருங்க. இவ இமையில ஒட்டியிருக்கிறது பொட்டா?"

அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மறுபடி பரிசோதிக்கலாம் என்று முனகினார். அன்று மாலையே வாங்கினோம். பிளாஸ்திரி இல்லாமல் ஒரு முறை, ஒட்டிக்கொண்டு ஒரு முறை, இரண்டும் வேண்டும் என்று டாக்டர் தெளிவாக எழுதினார். முதலிலேயே எழுதியிருக்கலாம். அதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் காலை அவள் கை பழக்கத்தில் கத்தரியைத் தேடியது. அதுவும் சுருளும் என் பையில் இருந்தன. முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். அதே பெண்தான் பரிசோதனைக் கருவியருகே இருந்தாள். இவள் வழக்கம்போல் புருவத்தை உயர்த்திச் சமாளிக்கப் பார்த்தாள்.

"நெத்தியைத் தளர விடு. தெரியலேன்னா அமுக்காதே. இங்க யாரும் மார்க் போடல."

தாள் வெளியே வந்தது. வெளிச்சம் தெரியாத இடம் அதில் கறுப்பாக விழும். மேல்பாதி முழுவதும் கறுப்பு. அவள் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"இவ்வளவு மோசமாவா பண்ணியிருக்கேன், அண்ணி?"

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கே. இப்ப ஒட்டிக்கோ."

ஒட்டிக்கொண்டு செய்ததில் கறுப்பு இல்லை. இரண்டு தாள்களையும் அந்த அலுவலர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"ரெண்டும் ஒரே ஆளோடதா?"

"ஒரே ஆள். ஒரே காலையில."

பழைய கடிதத்தில் 'அழகு சிகிச்சை' என்பதை அடித்துவிட்டு, 'அனுமதி' என்று எழுதி முத்திரை குத்தினார். மன்னிப்பு கேட்கவில்லை. எங்களுக்கும் நின்று கேட்க நேரமில்லை. மாதம் முடியும் முன்பே, அடுத்த வாரத்துக்கு அறுவை நாள் குறித்துக்கொண்டு, ஆலை வாசலில் அவளை இறக்கிவிட்டேன். அனுமதிக் கடிதத்தின் நகலை மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டு பெல்ட்டுக்குப் போனாள்.