ராஜாமணியக்காவின் மத்தியானத் தூக்கம்

வேன் டிரைவருக்குக் கடல்ங்கறது வண்டி நிறுத்த நிழல் கிடைக்காத ஒரு இடம், அவ்வளவுதானுங்க. ஊர்ச்சனமெல்லாம் குளிருக்கு ஆசைப்பட்டு எங்க நீலகிரிக்கு ஏறி வருது. நான் இங்க இருக்கறவங்கள ஏத்திக்கிட்டு வேர்த்துக் கொட்டற கடலுக்கு இறங்கிட்டிருக்கேன். சொந்தபந்தத்த ஒருதரமாச்சும் டூர் கூட்டிட்டுப் போய் நொந்தவங்க உங்கள்ல இருந்தா, என் பாடு உங்களுக்கே புரியும்.

போன மாசம் கூடலூர் ஓவேலிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கற பொம்பளைங்க பத்துப் பேர், கோழிக்கோடு தாண்டி ஒரு கடற்கரை ஊர்ல மூணு நாள் தங்க என் வேனைப் பேசினாங்க. அந்தக் கூத்துத்தான் இது.

முன் சீட்டு ஆசை

மலை இறங்கும்போது வாந்தி வரும்னு ராஜாமணியக்காவ முன்னாடி உக்கார வெச்சாங்க. பின்னாடி ஒருத்தி கப்பல் பாக்கணும்ங்கறா, இன்னொருத்தி மீன் வாங்கணும்ங்கறா. "உங்களுக்கு என்னங்க்கா வேணும்?"னு கேட்டேன். "மத்தியானம் சோறு தின்னுட்டு ஒரு தூக்கம் தூங்கணும் தம்பி"ன்னாங்க.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அக்கா சிரிக்கல. வேலைக்குச் சேர்ந்து இருவத்தாறு வருஷமாம். மத்தியானம் கொழுந்த எடை போட்டு, சோத்த அள்ளிப் போட்டுக்கிட்டு மறுபடி மலைக்காட்டுக்கு ஏறணும். ஞாயித்துக்கிழமைன்னா விறகு, துணி, ரேஷன் கடை. பகல்ல கண்ண மூடினதே பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடந்தப்பத்தானாம். "அதுக்கு எதுக்குங்க்கா இவ்வளவு தூரம்? லீவு போட்டுட்டு ஊட்லயே தூங்கலாமில்ல?"ன்னேன்.

"எஸ்டேட் லயத்து வீட்ல படுத்தா எவளாச்சும் கதவத் தட்டுவா தம்பி. கடலுக்கு என்னைய வேல ஏவத் தெரியாதுல்ல!"

காலுக்கு உப்பு

குழுத் தலைவி பாக்கியம் அக்கா. அவங்க விசில் ஊதாத குறைதான். அஞ்சு மணிக்கு எந்திரி, ஏழு மணிக்கு நில்லு, எட்டு மணிக்குத் தின்னு. போய் இறங்கினதும் கடலப் பாத்தாங்க, பையத் தொறந்தாங்க, ஒரு துணி மூட்டைய எடுத்தாங்க. என்னடான்னு பாத்தா உப்பு! எங்க ஊர்ல ஈரத்துல கால் வெச்சா அட்டை ஏறும், அதனால உப்பத் தேய்ச்சுக்கிட்டுத்தான் கொழுந்துக்குப் போவாங்க. அதே பழக்கத்துல பத்துப் பேருக்கும் முழங்கால் வரைக்கும் தேய்ச்சு விட்டுட்டாங்க. தேய்ச்சுட்டு வரிசையா கடல்ல இறங்கினாங்க.

கரையில இருந்தவங்க எல்லாம் வேடிக்கை பாக்கறாங்க. எனக்கு மானம் போகுது. அலை வந்து மூஞ்சியில அடிச்சதும் பாக்கியம் அக்கா நாக்கால தொட்டுப் பாத்தாங்க, ஒரு நிமிசம் யோசிச்சாங்க.

"அடேங்கப்பா! நம்ம ஊருக்கு இதுல நாலு குடம் கொண்டு போனா ஒரு அட்டை மிஞ்சாது!"

மொத மத்தியானம்

மீன் குழம்பு, சோறு, பப்படம். சாப்பிட்டுட்டு ராஜாமணியக்கா பாயை விரிச்சுப் படுத்தாங்க. எனக்கே நிம்மதியா இருந்துச்சு. கால் மணி நேரம் இருக்கும், வெளிய வந்து பாத்தா அக்கா வேலியோரம் நிக்கறாங்க. நாங்க வாடகைக்குத் தங்கின வீட்டச் சுத்திச் செம்பருத்தி வேலி. கண்ணு கடலப் பாக்குது, ரெண்டு கையும் தானாத் துளிரக் கிள்ளிக் கிள்ளி மடியில போடுது. ஒரு பக்க வேலி முழுசும் தேயிலச் செடியாட்டம் மட்டமா நிக்குது!

"கை சும்மா இருக்க மாட்டேங்குது தம்பி, படுத்தா பயமா இருக்கு"ன்னு அழுவாத குறையாச் சொன்னாங்க. அதுக்குள்ள வீட்டுக்காரச் சேட்டன் வந்துட்டாரு. தொலஞ்சோம், வேலிய நாசம் பண்ணதுக்குச் சண்டை போடப் போறாருன்னு நான் முன்னாடி ஓடினேன். அவரு இடுப்புல கை வெச்சு வேலிய மேலயும் கீழயும் பாத்தாரு.

"இத வெட்ட ஆள் கிட்டாம ஒரு மாசமா நடக்கறேன் சேச்சி. நாளைக்கும் உறக்கம் வரலேன்னா அந்தப் பக்கமும் ஒண்ணு நோக்கிக்கோ."

ரெண்டாவது டீ

மறுநாள் காலைல சேட்டனோட சம்சாரம் டீ கொண்டு வந்து குடுத்தாங்க. பத்துப் பேரும் மோந்து பாத்து, நெறத்தப் பாத்து, தூள் சரியில்லைன்னு ஒரே குரல்ல தீர்ப்புச் சொல்லிட்டு இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிச்சாங்க. வராந்தாவுல கால நீட்டி உக்காந்திருக்காங்க, காத்து வருது, யாரும் எந்திரிக்கல. பாக்கியம் அக்காகூட மணி பாக்க மறந்துட்டாங்க. ராஜாமணியக்கா டம்ளர உருட்டிக்கிட்டே சொன்னாங்க.

"இத்தன வருஷமா எல பறிக்கறேன். உக்காந்த எடத்துக்கு டீ வந்தது இன்னிக்குத்தான்."

ரெண்டாம் மத்தியானம்

அன்னிக்கு ராஜாமணியக்கா கண்ணு சொருகிருச்சுங்க. சத்தியமாச் சொருகிருச்சு. அப்பப் பாத்து போன். ஊர்லருந்து அக்கா புருசன். புளி எங்க இருக்குன்னு கேட்டாரு. சொன்னாங்க. பத்து நிமிசம் கழிச்சு மறுபடி போன். புளி கெடச்சுருச்சு, கரைக்கறதுக்குச் சுடுதண்ணியா பச்சத்தண்ணியா? சொன்னாங்க. மூணாவது தடவை அடிச்சப்ப எனக்கே போனப் புடுங்கிக் கடல்ல வீசலாமான்னு இருந்துச்சு. ஸ்பீக்கர்ல அந்த மனுசன் குரல், "சும்மாதான் கூப்புட்டேன், என்ன பண்ணிட்டிருக்க?" அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க.

"தூங்கிட்டிருக்கேன்!"

கடைசி மத்தியானம்

மூணாம் நாள் மதியம் ஒரு மணிக்குக் கெளம்பியே ஆகணும். பொழுது சாஞ்சா கூடலூர்லருந்து லயத்துக்குப் போற ரோட்ல ஆனை நிக்கும். அப்புறம் எந்த வண்டியும் போகாது. பாக்கியம் அக்கா பன்னெண்டரைக்கே மூட்டைய எல்லாம் ஏத்திட்டாங்க. ஆளுங்கள எண்ணினா ஒம்பது. ராஜாமணியக்காவக் காணோம்.

தேடிப் போனா, தென்னை மரத்தடி மணல்ல முந்தானைய விரிச்சு அக்கா படுத்திருக்காங்க. வாய் லேசாத் தொறந்திருக்கு, ரெண்டு கையும் மணல்ல மல்லாந்து கெடக்கு. குறட்டை! ஆனா மணி ஒண்ணு. எழுப்பலாம்னு குனிஞ்சேன். பின்னாடியிருந்து பாக்கியம் அக்கா என் சட்டையப் புடிச்சு இழுத்தாங்க. மெதுவாப் போனை எடுத்து, கூடலூர்ல இருக்கற தங்கச்சிக்கு, "ராவுக்கு நாங்க பத்துப் பேரும், டிரைவரும் உங்க ஊட்லதான். விடியங்காட்டி நேரா வேலைக்குப் போயிக்கறோம்"னு கிசுகிசுன்னு சொல்லிட்டு அங்கயே மணல்ல உக்காந்தாங்க. ஒவ்வொருத்தரா மத்தவங்களும் வந்து உக்காந்தாங்க.

நாலு மணிக்கு ராஜாமணியக்கா திடுக்குனு எந்திரிச்சாங்க. வெயில் எறங்கியிருக்கறதப் பாத்துப் பதறிப் போய், "ஐயோ, மணி என்னாச்சு? பாவிங்களா, ஏன் எழுப்பல?"ன்னு கத்தினாங்க. பாக்கியம் அக்கா கடல விட்டுத் திரும்பவேயில்ல.

"சத்தம் போடாம இன்னும் கொஞ்சம் படுடி, நாங்களே இப்பத்தான் உக்காந்திருக்கோம்."

சொன்ன நேரத்துக்கு வண்டி எடுக்கறவன்தான் நல்ல டிரைவர்னு சொல்லுவாங்க, ஆனா என் சர்வீசுலயே எனக்கு நல்ல பேர் கெடச்சது வண்டிய எடுக்காம மூணு மணி நேரம் சும்மா நின்னதுக்குத்தானுங்க.