விசில்காரரும் பாறுக்குஞ்சும்

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். தெருவே அவரை விசில் என்றுதான் கூப்பிடும். பகலெல்லாம் பஸ்ஸில் கத்தியது போதாதென்று வீட்டிலும் அவருக்கு வாய் ஓயாது. என் வேலையோ வாயை மூடிக்கொண்டு செய்யவேண்டியது. பறவைக் காப்பகத்தில் பாறுக்குஞ்சு வளர்க்கிறேன். பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகுதான். மாட்டுக்குப் போட்ட வலி மருந்து செத்த மாட்டின் உடம்பில் மிச்சமிருந்தால், அதைத் தின்கிற பாறும் செத்துப்போகும். அப்படித் தாயும் தகப்பனும் செத்த கூட்டிலிருந்து எடுத்து வந்த குஞ்சு அது.

அதை வளர்ப்பதில் சட்டம் ஒன்றே ஒன்று. மனுஷ வாடையே அதற்குப் பழகக்கூடாது. முகத்தை மூடி, பாறின் தலை மாதிரி தைத்த கையுறையை மாட்டிக்கொண்டு, சுவரில் விட்ட துவாரம் வழியாக இறைச்சி ஊட்டுவேன். இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்ள வேண்டும். மனுஷரோடு ஒட்டிக்கொண்ட பறவையைக் காட்டில் விடமுடியாது, சாகும்வரை கூண்டுதான்.

விசிலுக்கு இது பொறுக்கவில்லை. "மொட்டைத்தலைக் கழுகுக்கு ஊட்டிவிட ஆள் இருக்கு, எனக்குச் சோறு போட ஆள் இல்ல" என்று புலம்புவார். டியூட்டி முடிந்ததும் கூண்டுக்குப் பின்பக்கச் சந்தில் வந்து நின்றுகொண்டு பேச ஆரம்பித்துவிடுவார். செக்கிங் வந்தது, இரண்டு பேர் சீட்டுக்கு அடித்துக்கொண்டது, செருப்பு அறுந்தது, எல்லாம் வரும். அதுவும் சரியாக நான் ஊட்டுகிற நேரத்தில். எதிர்த்துப் பேசாத பெண்டாட்டி கிடைத்தால் எந்தப் புருஷன் விடுவான்? வீட்டில் வைத்துச் சண்டை போட்டேன்.

"நான் செவுத்துகிட்டதானே பேசறேன். குஞ்சுகிட்டயா பேசறேன்?" என்றார்.

இறக்கை முற்றியதும் அதை விடுகிற நாள் வந்தது. கூடவே விட்ட இரண்டு பாறுகள் கதவைத் திறந்ததும் பறந்துவிட்டன. இது மட்டும் நின்றது. வேலிக்கு வெளியே வேடிக்கை பார்க்க வந்திருந்த விசில் வாட்ச்மேனிடம், "இது ஏன் போவாம நிக்குது?" என்று கேட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். குரல் கேட்டதும் அது தத்தித் தத்தி ஓடியது. என்னைத் தாண்டி, ஏதோ கம்பத்தைத் தாண்டுகிற மாதிரி போய், அவர் முன்னால் நின்று வாயைத் திறந்தது.

காப்பகத்து டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்க குரல் கேட்டா சாப்பாடு வரும்னு பழகிடுச்சு. இனிமே இந்தப் பக்கமே வராதீங்க. அடுத்த வருஷம் ஒரு தடவை பாப்போம். அப்பவும் உங்ககிட்ட வந்தா, அவ்வளவுதான். கூண்டுதான்."

குஞ்சை நினைத்துப் பயப்படவேண்டிய நேரம் அது. பயந்தேன்தான். அதைவிட வயிறு எரிந்தது. துணிக்குள் வெந்து ஊட்டியவள் நான். செருப்பு அறுந்த கதை சொன்னவருக்குப் பாசமாம்.

அதைத் திரும்பவும் கூண்டில் அடைத்தோம். அந்த வருஷம் முழுக்க வீட்டில் பஸ் கதையே இல்லை. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார்.

"சாப்பிட்டுச்சா?"

"யாரு, நானா?"

"இல்ல, அது."

ஊரில் சக்களத்தி வந்தால் பூவும் பொட்டுமாக வருவாள். எனக்கு வந்தவளுக்கு மொட்டைத் தலையும் வளைந்த மூக்கும்.

மறுபடி விடுகிற அன்று டாக்டரம்மாவே அவரை வரச்சொன்னார். "வேலிகிட்ட நின்னு ஏதாவது பேசுங்க. வராம இருந்தாதான் விடமுடியும்" என்றார். கதவு திறந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக விசிலுக்குப் பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்தார். கடைசியில் தெரிந்ததைச் சொன்னார்.

"போலாம், ரைட்."

அது தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. "போலாம், ரைட்" என்றார் மறுபடி. அது இறக்கையை விரித்து எழும்பிப் போயே போய்விட்டது.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க யாருன்னே அதுக்குத் தெரியாது. அதான் உங்க வேலை" என்று பாராட்டினார். நன்றி சொன்னேன்.

வழியெல்லாம் விசில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "போறப்ப என்னைத் திரும்பிப் பாத்துச்சு, இல்ல?" என்றார்.

"பாத்துச்சு" என்றேன்.

அவரை மறக்க அதற்கு ஒரு வருஷம் பிடித்தது. என்னிடம் மறப்பதற்கு அதற்கு ஒன்றுமே இல்லை.