கட்டிலுக்கு அடியில் அடங்கிய ரம்பம்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து பார்க்க நன்றாக இருக்காது. எழுத்துப் பிழையும் நிறைய வரும். தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவன் நான். எந்த இடத்தில் எந்த 'ர' போடுவது என்று இன்றுவரை தடுமாற்றம்தான். நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் நடந்தபடியே எழுதுகிறேன்.

போன வருடம் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் போடத் தொடங்கியிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்கா சந்தைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் இரும்புச் சாமான் கடை. அங்கேதான் இது நடந்தது.

நான் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். சரக்கு வைக்கும் மரப் பலகைத் தட்டுகள் உடைந்தால் எறிந்துவிடுவார்கள். அதில் நல்ல பலகை கிடைக்கும். மேலாளரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்து, ஆணி பிடுங்கி, செருப்பு அடுக்கும் தட்டு, முக்காலி என்று ஏதாவது செய்வேன். என்னிடம் இருந்தது ஒரு கைரம்பம்தான். அதில் நான் அறுத்தால் பலகை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகும். முக்காலியில் உட்கார்ந்தால் ஊஞ்சல் மாதிரி ஆடும். என் மனைவி அதை விருந்தாளிக்குப் போடவே மாட்டாள்.

அப்போது என் மகளுக்கு உட்லண்ட்ஸில் புது வீட்டுச் சாவி கிடைத்தது. தை பிறந்ததும் புதுமனை புகுவிழா. சாமி படம் வைக்க அந்த வீட்டில் ஒரே ஓர் இடம்தான் தோதாக இருந்தது, வரவேற்பறைத் தூணுக்கும் சன்னலுக்கும் நடுவில். கடையில் விற்கும் சாமி மாடம் எதுவும் அந்த இடைவெளிக்குள் நுழையவில்லை. "அப்பா, நீங்களே செஞ்சு குடுங்களேன்" என்றாள். என் மகள் என்னிடம் ஒன்று கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் சாமி மாடம் முக்காலி இல்லையே. கோணலாக இருந்தால் வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். அவளுடைய மாமியார் முதலில் பார்ப்பார்.

அதனால் ஒரு மேசை ரம்பம் வாங்க முடிவு செய்தேன். மேசை மாதிரி இருக்கும், நடுவில் வட்ட ரம்பம் சுழலும், பலகையைத் தள்ளினால் நேராக அறுக்கும். கையில் தூக்கக்கூடிய சின்னதும் மலிவானதும் இருக்கிறது என்று கைபேசியில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். தூக்கமே வரவில்லை. இந்த வயதில் ஒரு சாமானுக்காக இப்படி ஆசைப்படுவது எனக்கே சிரிப்பாக இருந்தது.

மனைவி இரண்டே நிபந்தனை போட்டாள். "அது நம்ம கட்டிலுக்கு அடியில போகணும். புக்கிட் மேரால நமக்கு இருக்கிறது அடுக்குமாடி வீடு, பங்களாவா என்ன? இன்னொண்ணு, ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தினதும் பத்து விரலையும் எங்கிட்ட காட்டணும்."

கட்டிலுக்கு அடியில் எவ்வளவு உயரம் என்று ஒரு கயிற்றை வைத்துப் பார்த்து முடிச்சுப் போட்டேன். நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு. எழுதி வைத்தால் எந்த எண் எதற்கு என்று எனக்குக் குழம்பிவிடும். கயிறு என்றால் குழப்பம் இல்லை.

அந்தக் கயிற்றோடு மூன்று ஞாயிறு அந்தக் கடைக்குப் போனேன். முதல் ஞாயிறு வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாவது ஞாயிறு உள்ளே போய், தேவையில்லாமல் ஒரு டப்பா ஆணி வாங்கிக்கொண்டு வந்தேன். ஒருவரிடம் போய் வாயைத் திறந்து கேட்பதென்றால் எனக்கு அவ்வளவு கூச்சம். அட்டைப் பெட்டியில் எல்லாம் ஆங்கிலம் வேறு. படிக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டி வருமோ என்று பயம்.

மூன்றாவது ஞாயிறு துணிந்து கயிற்றை எடுத்தேன். கடைக்காரச் சீனப் பெரியவர் தரையில் இரண்டு ரம்பத்தை வைத்துக் காட்டினார். முதலில் ஒன்றைத் தட்டிக்காட்டி, "திஸ் ஒன் பெட்டர் லா" என்றார். அதில் ரம்பத்துக்குப் பின்னால் மீன் துடுப்பு மாதிரி ஒரு இரும்புத் தகடு நிமிர்ந்து நின்றது. அதனால் உயரம் என் முடிச்சைத் தாண்டிவிட்டது. நான் கயிற்றைக் காட்டித் தலையை ஆட்டினேன். இன்னொன்றில் துடுப்பு இல்லை. மொட்டையாக இருந்தது, மலிவும்கூட. கயிறு சரியாகப் பொருந்தியது. எனக்கு ஒரே சந்தோஷம்! பக்கத்தில் அளவு நாடா வாங்கிக்கொண்டிருந்த ஒரு நம்மூர்த் தம்பி, கட்டுமான வேலைக்காரர் மாதிரி இருந்தார், "அண்ணே, அதையா எடுக்குறீங்க?" என்று கேட்டார். "எல்லாம் தெரியும், தம்பி" என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதது வெளியே தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பணத்தைக் கொடுத்து, மனைவி காய்கறி வாங்க இழுத்துப்போகும் சின்ன வண்டியில் பெட்டியைக் கட்டி, பேருந்து நிறுத்தத்துக்கு ஏறக்குறைய ஓடினேன். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. திரும்பினால் அதே தம்பி. நான் இன்னும் வேகமாக நடந்தேன். அவரும் வேகமாக வந்தார்.

"அண்ணே, நில்லுங்கண்ணே! நான் திருடன் இல்ல, தச்சன்!"

நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் நின்றுவிட்டேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சட்டையைக் கொஞ்சம் தூக்கினார். தொப்புளுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. "மெஷின்னா எல்லாரும் விரலைப் பத்தித்தான் பயப்படுவாங்க. என்னை அடிச்சது பலகைண்ணே. பாதி அறுக்கும்போது பலகை ரம்பத்தைக் கவ்விக்கிச்சு. சுத்துற ரம்பம் அதை அப்படியே தூக்கி என் வயித்துல எறிஞ்சிருச்சு. ரம்பத்துக்குப் பின்னால துடுப்பு மாதிரி தகடு நிக்குமே, அது இருந்திருந்தா கவ்வ விடாது. எங்க ஆளு ஒருத்தர் தொந்தரவா இருக்குன்னு கழட்டிப் போட்டிருந்தார்."

நான் தொந்தரவு என்று நினைத்து ஒதுக்கியதும் அதே துடுப்பைத்தான்.

கடைப் பக்கம் திரும்பி வந்து, வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையிலேயே பெட்டியைத் திறந்தோம். அவர் புது அளவு நாடாவை எடுத்து, பலகையை ஒட்டித் தள்ளுவதற்கு இருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் ரம்பத்துக்கும் உள்ள இடைவெளியை முன்பக்கம் அளந்தார், பின்பக்கமும் அளந்தார். பின்பக்கம் குறைவாக இருந்தது. நகர்த்திப் பூட்டினார். மறுபடியும் கோணிக்கொண்டது. "இதுல தள்ளினா பலகை போகப் போக இறுகும். வாங்கும்போது இதைத்தான் முதல்ல பாக்கணும்ணே. மத்ததெல்லாம் அப்புறம்."

திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றதும் நான் பெட்டியை மூடத் தொடங்கினேன். விற்ற பொருளைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்று கடையில் அறிவிப்புப் பலகை மாட்டியிருப்பதை அவர்தான் படித்துச் சொன்னார். "நான் பேசுறேன், நீங்க கூட நின்னா போதும்" என்றார்.

உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையைத் தட்டினார். "ஆ! ஸ்ட்ரிங் அங்கிள் கம் பேக்!"

கயிற்று மாமா என்று எனக்குப் பெயரே வைத்து, மூன்று விரலையும் காட்டினார்; மூன்று வாரமாக நான் வந்து வந்து போனதை எல்லாம் கவனித்திருக்கிறார். கூச்சத்தில் செத்துவிடலாம் போல் இருந்தது. ஆனால் அவர் சிரித்த சிரிப்பில் கெட்டது எதுவும் இல்லை. தம்பி அளந்து காட்டினார். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மொட்டை ரம்பத்தை ஓரமாக வைத்தார். பிறகு மற்றதைத் தூக்கி வந்தார்.

"உயரம்?" என்று நான் கயிற்றை நீட்டினேன். அன்று கடையில் நானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

தம்பி ஒரு சின்னப் பிடியைத் தளர்த்தினார். துடுப்பு கையோடு கழன்று வந்தது. ரம்பத்தையும் கைப்பிடியைச் சுற்றிக் கீழே இறக்கினார். கயிற்றை வைத்தேன். முடிச்சுக்குக் கீழே ஒரு விரல் இடம் மிச்சம்! மூன்று வாரத்தில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சட்டத்தையும் முன்னும் பின்னும் அளந்தோம், ஒரே அளவு. கொஞ்சம் கூடப் பணம் போட்டு மாற்றிக்கொண்டேன். "மாட்டாம மட்டும் அறுக்காதீங்க" என்று தம்பி விரலை ஆட்டினார்.

தேநீர் வாங்கித் தருகிறேன் என்றேன். அவர், "தேத்தண்ணி வேணாம்ணே. முதல் பலகை அறுக்கும்போது நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு பிடோக் பக்கத்துத் தொழிலாளர் விடுதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கீழ்வீட்டு மலாய் அக்காவிடம் போய், ஒரு மணி நேரம் சத்தம் வரும் என்று நானே சொன்னேன். அதற்கே மனைவி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். முதல் பலகையை அவர் அறுத்தார். ஓரத்தைத் தடவினால் கடையில் வாங்கியது மாதிரி இருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது! இரண்டாவது பலகையை நான் அறுத்தேன். மூன்றாவதையும் நானே தள்ளினேன். பாதி தாண்டியதும் அறுபட்ட இரண்டு பக்கமும் மெதுவாக ஒன்றை ஒன்று நெருங்குவது தெரிந்தது. பழைய பலகை, உள்ளே முறுக்கு இருந்திருக்கிறது. மோட்டார் முனகியது.

"நிறுத்துங்கண்ணே!"

நிறுத்தினேன். பலகை அந்தத் துடுப்பை இறுக்கமாகக் கவ்விக்கொண்டு நின்றது. ரம்பத்தைக் கவ்வவில்லை, என்னையும் தொடவில்லை. மொட்டை ரம்பமாக இருந்திருந்தால் பலகை என் மேல்தான் பாய்ந்திருக்கும். என் கை தானாக வயிற்றைத் தடவியது.

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "எத்தனை?"

"பத்து."

"அந்தத் தம்பிக்கு?"

"எனக்கும் பத்துதான் அக்கா, பசிதான் பதினொண்ணு" என்றார். அன்று அவர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போது சொன்னார், அவர் வேலை கான்கிரீட் ஊற்றப் பலகைப் பெட்டி அடிப்பது. கான்கிரீட் இறுகியதும் பெட்டியை உடைத்து எறிந்துவிடுவார்கள். "ஆறு வருசமா அடிக்கிறேன்ணே. நான் செஞ்சது ஒண்ணுகூட இந்த ஊருல நிக்கல."

நாலு ஞாயிறு சேர்ந்து வேலை செய்தோம். கதவு ஒன்று, இழுப்பறை ஒன்று, மணி தொங்கவிட ஒரு வளைவு. வளைவு முழுக்க அவர் யோசனை.

புதுமனை புகுவிழாவுக்கு அவரும் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய். மாடம் தூணுக்கும் சன்னலுக்கும் நடுவில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. மகளின் மாமியார் யார் செய்தது என்று கேட்டார். வழக்கமாக யாராவது இப்படிக் கேட்டால் நான் நழுவிவிடுவேன். அன்று, "நானும் இந்தத் தம்பியும்" என்று எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். தம்பி வளைவைத் தடவிக்கொண்டே என் காதில், "இதை உடைக்க மாட்டாங்கல்லண்ணே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் மணியை எடுத்து அவர் கையில் கொடுத்து, அந்த வளைவில் அவரையே மாட்டச் சொன்னேன்.

இப்போது கடையில் தெரியாததைத் தெரியாது என்று கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் ரம்பத்தை நிறுத்தியதும் மனைவி "எத்தனை?" என்பாள், நானும் "பத்து" என்பேன். ஆனால் சொல்லும்போதெல்லாம், தெரியும் என்று பொய் சொன்ன ஒருவனை விட்டுவிடாமல் துரத்தி வந்த அந்த இரண்டு கால்களையும் சேர்த்துத்தான் நான் மனதுக்குள் எண்ணுகிறேன்.

எழுதி முடித்த நாள்: தைப்பூசம் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை.