ஊட்டுக்கு எதுக்குப் பேர்ப்பலகை

இருபது வரி கூட இல்லாத ஒரு ஸ்கிரிப்டை எந்த ஃபோல்டரில் வைப்பது என்று, அஸ்தம்பட்டி அலுவலகத்தில் ஒரு வாரம் மல்லுக்கட்டினோம். கேட்டால் சிரிப்பீர்கள். கறுப்புத் திரையில் நாம் தட்டும் கட்டளைக்கு முன்னால், இப்போது எந்தக் கம்ப்யூட்டருக்குள் நிற்கிறோம் என்று காட்டுவதுதான் அதற்கு வேலை.

எழுதியவன் நான். நாமக்கல் கோழிப்பண்ணைகளின் விவரங்கள் இருக்கும் நிஜ சர்வருக்குள் போனால் சிவப்பில் ‘காடு’ என்று வரும். எங்கள் பக்கம் காட்டுக்குப் போவது என்றால் வேலைக்குப் போவது. சொந்த மெஷினில் எதுவும் வராது. ஏன் என்று பக்கத்து சீட் அக்கா கேட்டபோது, “ஊட்டுக்கு எதுக்குங்கக்கா பேர்ப்பலகை?” என்றேன். பெரிய புத்திசாலி நான்.

அக்கா நாமக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பத்து வருஷம் அடுப்படியில் கிடந்துவிட்டு, மகள் வளர்ந்தபின் படித்துப் பிடித்த வேலை. அடையாள அட்டையை வீட்டிலேயே கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.

சர்வருக்குள் யார் வந்தாலும் தானாக ஓடும் ஒரு ஃபோல்டரில் ஸ்கிரிப்டை வைத்திருந்தேன். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. அது வேறு வேலைக்கான இடமாம். பொது ஃபோல்டரில் கிடக்கட்டும், வேண்டியவர்கள் அவரவர் லாகினில் ஒரு வரி எழுதி அழைத்துக்கொள்ளட்டும் என்றார். முறைப்படி அவர் சொன்னது சரிதான். எனக்கோ வயிறு எரிந்தது.

மாற்றினேன். எதை மாற்றினாலும் எல்லோருக்குமாக எழுதிவைக்கும் மாற்றக் குறிப்பில் ஒரே ஒரு வரி எழுதினேன். அதை ஒருவரும் படிப்பதில்லை என்று தெரியும். என் லாகினில் மட்டும் அந்த அழைப்பு வரியைச் சேர்த்துக்கொண்டேன். மற்றவர்களிடம் வாய்திறந்து சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். சொல்லவில்லை. வீம்பு. காடு எங்கே காணோம் என்று நாலு பேர் கேட்கட்டும், அப்போது மேனேஜருக்குப் புத்தி வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் அக்கா தன் மெஷினில் இருந்த பழைய சோதனைப் பதிவுகளை அழிக்க உட்கார்ந்தார். திரையில் திறந்திருந்த கறுப்பு ஜன்னல்கள் இரண்டு; ஒன்று அவர் மெஷின், இன்னொன்று நிஜ சர்வர். இரண்டிலும் பெயர் இல்லை. அழிந்தது பண்ணைகளின் தடுப்பூசித் தேதிகள். மதியத்துக்குள் பண்ணைக்காரர்களின் போன் வர ஆரம்பித்துவிட்டது.

மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். அக்கா அழவில்லை.

“பேரு ஒண்ணும் வல்லீங்க சார். ஊட்டுலதான் இருக்கறேன்னு நெனச்சுட்டனுங்க.”

மேனேஜர் என் பக்கம் திரும்பி, மாற்றியதைக் குறிப்பில் எழுதினாயா என்று கேட்டார். எழுதினேன் என்றேன். உண்மைதான். த்தூ, என்ன உண்மை.

அன்று சாயங்காலமே அக்காவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். டிபன் பையை எடுக்க வந்த அக்கா என் சீட் அருகே நின்றார்.

“நாந்தான் குறிப்பப் படிச்சிருக்கோணும். நீ மனசுல வெச்சுக்காத சாமி.”

வீம்புக்காகத்தான் வாய்திறக்காமல் விட்டேன் என்று நான் அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் வந்து, ஸ்கிரிப்டை நான் முதலில் வைத்த இடத்திலேயே வைத்துவிடச் சொன்னார். நான் சொன்னதுதான் சரி என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டார். அதற்குத்தானே காத்திருந்தேன்.