கருகாத வெங்காயம்

எந்த அலுவலகமானாலும் படியேறும்போதே மூக்கைத் தூக்கி ஒருமுறை மோந்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பிறகு சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டரைக் கழற்றித் தோளில் சாய்த்து, குழந்தையை ஏப்பம் விட வைப்பதுபோல் இரண்டு தட்டு. உள்ளே பவுடர் கட்டிப்போயிருக்கிறதா என்று அந்தத் தட்டிலேயே தெரிந்துவிடுமாம். தீயணைப்பு சிலிண்டர்களுக்கு மருந்து நிரப்புவது அவர் தொழில். “மேடம், உங்க சார்ஜர் சுடுது. முதல்ல கழட்டுங்க” என்று முன்பின் தெரியாதவர்களையும் அதட்டுவார். பட்டறையில் அவருக்குப் பெயர் ‘மோப்பம்’.

ஞாயிற்றுக்கிழமை அந்த மூக்குக்கு வேறு வேலை. விடிந்ததும் கோழியெலும்பைக் கழுவி அடுப்பில் ஏற்றுவார். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, இஞ்சி, வெங்காயம். அரிசி நூடுல்ஸ் ஒருபக்கம் வெந்நீரில் ஊறும். வடிகட்டிய சூப்பைக் கரண்டியில் எடுத்து, கண்ணை மூடி மோந்து பார்த்து, “வரல” என்பார்.

“நல்லாத்தானே இருக்கு?” என்பார் மனைவி.

“இது கோழி சூப். அது வேற.”

‘அது’ என்பது கடல் தாண்டி மகள் இருக்கும் ஊரில், அவள் வீட்டுக்குக் கீழே ஒரு வியட்நாம்காரம்மா நடத்தும் கடையில் சாப்பிட்டது. மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டபோது, “இனிமே இந்த வீட்டுப் பக்கம் வந்துடாத” என்று சொன்ன மனிதர் இவர். சொல்லி நாலு வருஷம். அவளுக்கு ஆபரேஷன் என்றதும் மனைவி பெட்டி கட்ட, “துணைக்கு வர்றேன், அவ்வளவுதான்” என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கூடவே போனார். திரும்புவதற்கு முந்தின மாலை மகள் இருவரையும் அந்தக் கடைக்கு அழைத்துப் போனாள். ஆவி பறக்கும் அகலக் கிண்ணம். அப்பாவுக்கு நாக்கு சுடும் என்று, சின்ன வயதில் அவர் அவளுக்குச் செய்ததுபோலவே, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து ஊதிக் கொடுத்தாள். “வீட்டுக்கு வாம்மா” என்ற சொல் தொண்டை வரை வந்தது. சூப்போடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

விழுங்கியதைத்தான் வாராவாரம் காய்ச்சிக்கொண்டிருந்தார். “சரியா வரட்டும். வந்ததும் கூப்பிட்டு, அங்க எதுக்கு, இங்கயே வந்து சாப்பிடுன்னு சொல்லிடறேன்.”

“சூப் வந்தாத்தான் பொண்ணு வரணுமா? நல்லா இருக்கே நியாயம்!” என்று ஒரு ஞாயிறு மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. அவர் தடுப்பதற்குள் மகளை வீடியோவில் கூப்பிட்டு, போனை அடுப்புக்கு நேராகச் சாய்த்து வைத்துவிட்டார்.

“இஞ்சி வெங்காயத்தை நேரா தீயில சுட்டீங்களாப்பா?”

“சுட்டேனே.”

“எங்க, சுட்டுக் காட்டுங்க.”

இடுக்கியில் பிடித்துக் காட்டினார். தோல் பழுப்பேறி ஓரம் கறுக்கத் தொடங்கியதும் கை தானாகப் போய் அடுப்பை அணைத்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அணைச்சுட்டீங்க! அது கரியா ஆகணும்ப்பா. அந்தக் கருகின வாசனையைத்தான் நீங்க தேடுறீங்க.”

மறுபடி பற்றவைத்தார். மறுபடி கறுத்தது. மறுபடி அணைத்தார். தொழில் அவர் கையில் அப்படி ஊறிப்போயிருந்தது. “மோப்பம் சார், இந்த ஜென்மத்துல உங்களால ஆகாது” என்று மனைவியும் சிரிப்பில் சேர்ந்துகொண்டார்.

அவர் சிரிக்கவில்லை. இடுக்கியைப் பார்த்தபடியே, “என்னால முடியலம்மா. நீ வந்து சுட்டுக் குடு” என்றார். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, “மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா” என்றார். அந்த வீட்டில் அந்த உறவைச் சொல்லி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

போனில் மூக்கை உறிஞ்சும் ஒலி. “லீவு கேட்டுப் பாக்கறேன்ப்பா.”

லீவு இன்னும் கிடைக்கவில்லை. அவர் அதே பட்டறையில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சூப் வைப்பதில்லை. போன வாரம் கடைத்தெருவிலிருந்து நாலு அகலக் கிண்ணம் வாங்கி வந்தார். மனைவி அலமாரியில் அடுக்கப் போனபோது, “இரு, இரு” என்று திரும்ப வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டியபடி உட்கார்ந்திருந்தார்.