மொட்டைத் தலைக்குச் சந்தனம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் திருத்தணியில் எனக்கு ஒரு வேலை இருந்தது. திருட்டில் பிடிபட்டு, சீர்திருத்தப் பள்ளியில் இருந்துவிட்டுத் திரும்பும் பையன்களைக் கண்காணிக்க வேண்டும். புரொபேஷன் ஆபீசர் என்று பெரிய பட்டம். பையன் மறுபடி கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள் என்றார்கள். ஊர் அவனைக் கெடுக்காமல் யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அப்படித் திரும்பிய ஒரு பையனுக்குப் பதினான்கு வயது. ரயிலில் ஒரு யாத்திரிகரின் பையை அறுத்தவன். பள்ளியில் தலையை மழித்து அனுப்பியிருந்தார்கள். அவனை அழைத்துக்கொண்டு நான் ஸ்டேஷனில் இறங்கியபோது, கூலி வேலை செய்யும் அவன் அம்மா காத்திருந்தாள். அழக்கூட நேரமில்லாதவள் மாதிரி முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தை அவிழ்த்து, அவன் தலை முழுக்கச் சந்தனத்தைப் பூசினாள். இந்த ஊரில் சந்தனம் பூசிய மொட்டையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மலைக்கு வேண்டுதல் செலுத்தியவன் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆர்.கே.பேட்டையில் ஒரு தறிக்காரரிடம், நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கும் வேலையில் அவனைச் சேர்த்தேன். பழைய கதை அவருக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை, யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸில் முக்கி முனகிப் போய்ப் பார்ப்பேன். நான் அவனுக்கு மாமா என்று ஏற்பாடு. அவனும் வாய் நிறைய மாமா என்றே கூப்பிடுவான்.

"நல்ல கைங்க உங்க பையனுக்கு. தை பொறந்தா தறியிலயே குந்த வச்சிடலாம்" என்றார் தறிக்காரர். அவன் கையை ஒருவர் நல்ல கை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த இடம் நிலைத்தால் பையன் பிழைத்துவிடுவான் என்று நம்பினேன்.

ஆடி வந்தது. கிருத்திகைக்கு முன்னால், திருட்டில் ஒருமுறை பெயர் விழுந்த பையன்களையெல்லாம் போலீசார் வாரிக்கொண்டுவந்து லாக்கப்பில் உட்காரவைத்து, காவடிக் கூட்டம் கலைந்த பிறகு விடுவார்கள். முன்னெச்சரிக்கையாம். அவன் அம்மாவை மிரட்டி இடத்தைத் தெரிந்துகொண்டு, தறி வீட்டுக்கே போய், எல்லார் முன்னாலும் அவனை இழுத்து வந்துவிட்டார்கள். நான் போய்க் கத்தினேன்.

"ஏன் சார் கோச்சிக்கிறீங்க? அடிக்கல, ஒதைக்கல. சோறு போட்டுகினுதான இருக்கோம்" என்றார் ஏட்டு, வெகு மரியாதையாக.

விழா முடிந்ததும் அவனை ஆர்.கே.பேட்டைக்கு அழைத்துப் போனேன். தறிக்காரர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "பையன் மேல எனக்குக் கோவம் இல்லீங்க. ஆனா போலீஸ் வந்துட்டுப் போன வூடுன்னு ஆயிப்போச்சே. எனக்கும் பொண்ணுங்க இருக்குதுங்க."

நான் யாரென்று அவர் கேட்கவே இல்லை.

பிறகு கனகம்மாசத்திரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவாட்டும் வேலையை அவனே தேடிக்கொண்டான். அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று என்னிடம் சொன்னான். மாதாமாதம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதியை ஓரமாக வைத்துவிட்டு, அவன் அம்மாவைப் பார்க்க வரும்போது மட்டும் பார்த்துவந்தேன்.

அடுத்த ஆடி. இந்தத் தடவையாவது முந்திக்கொண்டு கெஞ்சிப் பார்க்கலாம் என்று, கிருத்திகைக்குச் சில நாள் இருக்கும்போதே ஏட்டிடம் போனேன். லாக்கப்பில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"அதுக்குள்ள புடிச்சிட்டீங்களா?"

"நாங்க எங்க சார் புடிச்சோம்? அவனேதான் வந்தான்" என்றார் ஏட்டு.

பையன் எழுந்து கம்பியோரம் வந்தான். "தேடிகினு வந்தாங்கன்னா இந்த வேலயும் பூடும் மாமா. காவடி எடுக்கப் போறேன்னு மொதலாளிகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான்: "வெளிய வந்ததும் மொட்ட போட்டுக்கணும். சந்தனம் மட்டும் வாங்கியாறீங்களா?"

வாங்கி வருவதாகச் சொன்னேன். என்னால் ஆகக்கூடியது அவ்வளவுதான் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.