பூட்டுப் பட்டறையில் ஒரு ராக்கெட்

வெளிநாட்டில் ஏதோ ஒரு தனியார் கம்பெனி, அரசாங்கத்தின் தயவில்லாமல் சொந்தமாக ராக்கெட் விட்டதாகப் பேப்பரில் நாலு வரி வந்தது. எண்பதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் அதை எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது, என் வீட்டுக்காரர் படித்துத் தொலைத்தார்.

"தனியார்னா யாரு? நாமளும் தனியார்தான?" என்றார், இட்லியைப் பிட்டபடி.

அப்போது எங்களுக்குப் புதுக்கல்யாணம். அவருக்குச் சொந்தமாகப் பூட்டுப் பட்டறை. எனக்கு டெலிபோன் ஆபீசில் வேலை. மற்ற வீட்டு மாப்பிள்ளைகள் சாயங்காலம் பூ வாங்கி வந்தார்கள். இவர் கைநீள இரும்புக் குழாய் ஒன்றை வாங்கி வந்து கட்டில்மேல் வைத்தார். கோபப்படுவதா சிரிப்பதா என்றே எனக்குத் தெரியவில்லை.

பட்டறை வேலை முடிந்தபிறகு தினமும் ராக்கெட் வேலை. திருவிழாவுக்கு வாணம் போடுகிறவர் வந்து குழாய்க்குள் வெடிமருந்தை இறுகக் கிட்டித்துக் கொடுத்தார். மருந்து நமுத்துவிடக் கூடாதே என்று, குழாயின் அடிப்பக்கத்தைப் பித்தளைத் தகட்டால் மூடித் திருகினார் இவர். நடுவில் பற்றவைப்பதற்கு ஒரு சின்னத் துளை. அதற்கும் பூட்டின் சாவித்துவாரத்துக்கு வைப்பதுபோல ஒரு மூடி.

"காத்துகூடப் போகாது, பாரு!" என்று என்னிடம் நீட்டினார். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

அதை எப்படிப் பற்றவைப்பது என்பதில்தான் எங்களுக்குச் சண்டை.

"ஊதுபத்தியில பத்த வச்சுட்டு ஓடியாந்துருவேன். தீவாளிக்கு வெடி போட்டதே இல்லையா நானு?"

 இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நேரே பட்டறைக்கே போய்விட்டேன். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. புது மாதிரியில் பூட்டு செய்தால் அதை அடுத்த பட்டறைக்காரரிடம் கொடுத்து, உடைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அவர் தோற்றால்தான் பூட்டு கடைக்குப் போகும்.

"பூட்ட அடுத்த பட்டறையில குடுத்துப் பார்ப்பீங்க. இத யாருகிட்ட குடுத்தீங்க?" என்றேன்.

"இத யாருகிட்டப் புள்ள குடுக்கிறது?"

"அப்ப மொதல் ராக்கெட்டு ஒடஞ்சு போறதுக்குன்னே வச்சுக்குங்க. வயரு, பேட்டரி போட்டுத் தள்ளி நின்னுதான் பத்த வைக்கணும். இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தாடிக்கொம்பு டவுன் பஸ்ஸில் போனோம். "என்ன சார் இது?" என்ற கண்டக்டரிடம், கூசாமல் "பம்புசெட்டு சாமான்" என்றார். வறண்டு கிடந்த கண்மாயின் நடுவில் செங்கல் அடுக்கி ராக்கெட்டை நிறுத்தினார். வயரை இழுத்துக்கொண்டு கரைக்கு மறுபக்கம் வந்தோம். "இம்புட்டுத் தூரம் எதுக்கு?" என்று முனகிக்கொண்டே சுவிட்சை அமுக்கினார்.

ராக்கெட் போகவில்லை. வெடித்தது. காது அடைத்துப்போனது. எங்கள் தலையில் மண் மழையாகக் கொட்டியது.

புகை அடங்கியபிறகு போய்ப் பார்த்தோம். குழாய் வாழைப்பூ மடல்போல விரிந்து கிடந்தது. செங்கல் அத்தனையும் பொடி. பித்தளைத் தகட்டைத் தேடி எடுத்தவருக்குத் தாங்க முடியாத சிரிப்பு.

"புகை வெளிய போனாத்தான ராக்கெட்டு மேல போகும்? நான் காத்துகூடப் போகாம அடச்சு வச்சிருக்கேன்! பூட்டுக்காரன் புத்தி பாத்தியா!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் செங்கல் இருந்த இடத்தைப் பார்த்தார். வயர் இல்லாவிட்டால் அங்கே குந்தித்தான் ஊதுபத்தியை நீட்டியிருப்பார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "நல்லவேளை புள்ள" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த மாதம் இரண்டாவது ராக்கெட். இந்த முறை வாணக்காரரையே உட்காரவைத்து, அடிப்பக்கம் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று கேட்டுச் செய்தார். வயரை அவரே வாங்கினார், பழையதைப்போல இரண்டு மடங்கு நீளம். கரையைத் தாண்டியும் நடந்துகொண்டே இருந்தார்.

"போதுங்க" என்றேன்.

"செத்த இன்னும் தள்ளிப் போயிக்கிருவோம்" என்றார்.

அது சீறிக்கொண்டு கிளம்பிப் பனைமரங்களுக்கு மேலே போய், வளைந்து, யாருடைய வெங்காயக் காட்டிலோ விழுந்தது. வானத்தைத் தொட்டது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இவர் கத்திய கத்தலில் மேய்ந்துகொண்டிருந்த ஆடெல்லாம் மிரண்டு ஓடியது. ஓடி வந்து, பட்டப்பகலில், அத்துவானக் காட்டில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆடு மேய்ப்பவர் பார்க்கிறாரே என்று எனக்கு ஒரே கூச்சம். ஆனாலும் விலகவில்லை. என்னைப் பிடித்திருந்த அந்த இரண்டு கையும் முழுசாக இருந்ததே, அது போதும் எனக்கு.